சுல்தானுக்குத் திறக்காத வாசல்

கன்னியாகுமரியில் கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் டெல்லியில் போய் நிற்கிற ஸ்டேஷனுக்கு ஹஸ்ரத் நிஜாமுத்தீன் என்று பெயர். அந்தப் பெயருக்குரிய மகானைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

பதாயூனில் பிறந்தவர், பாபா ஃபரீதின் சீடர், சிஷ்தி மரபில் வந்த சூஃபி. அன்றைய டெல்லிக்கு வெளியே, யமுனைக் கரையில் கியாஸ்பூரில் இருந்தது அவருடைய கான்கா என்கிற மடம். 1325-இல் அவர் மறைவதற்குள் அரியணையில் எத்தனையோ சுல்தான்கள் மாறிவிட்டார்கள். கான்காவின் அடுப்பு மட்டும் அணையவில்லை. பசி என்று வந்தால் சோறு. என்ன மதம், என்ன குலம் என்ற விசாரணை கிடையாது.

அவரோ நோன்பாளி. விடியுமுன் உண்ணும் ஸஹர் உணவு எதிரே இருக்கும். ஒரு கவளம்கூட இறங்காது. மசூதி மூலையிலும் கடைத் திண்ணையிலும் பட்டினியாய்ப் படுத்திருப்பவர்களை நினைத்துக் கண் கலங்குவாராம். காணிக்கை குவியும். வெள்ளிக்கிழமைதோறும் களஞ்சியத்தைக் காலிசெய்து, தரையைப் பெருக்கிவிடச் சொல்வார்.

உறவுப் பிள்ளை ஒருவரை இழந்து மகான் துயரில் ஆழ்ந்திருந்த காலம். வசந்த பஞ்சமிக்குக் கடுகுப் பூ ஏந்திப் பாடிச் சென்ற இந்துப் பெண்களைக் கண்டார் சீடர் அமீர் குஸ்ரோ. தாமும் மஞ்சள் உடுத்திப் பாடிக்கொண்டு வந்து குருவைச் சிரிக்க வைத்தார் என்பது வழிவழிச் செய்தி. இன்றும் அவருடைய தர்காவில் பசந்த் விழா உண்டு; மஞ்சள் பூவும் கவ்வாலியுமாக.

இப்படி எல்லோருக்கும் திறந்திருந்த வாசல் ஒருவருக்குத் திறக்கவில்லை. சுல்தான் அலாவுத்தீன் கில்ஜி நேரில் காண விரும்பியபோது, 'என் வீட்டுக்கு இரண்டு வாசல். சுல்தான் ஒன்றில் நுழைந்தால் நான் மற்றதில் வெளியேறுவேன்' என்ற பொருளில் பதில் போனதாகச் சொல்வார்கள். இது செருக்கா? இல்லை, ஐயா. அரண்மனையில் கை நனைத்தவனுக்கு ஏழைக்காக வாய் திறக்காது. அங்கே கடன்படாததால்தான் இங்கே பேதம் பார்க்காமல் பந்தி விரிக்க முடிந்தது.

நம்மிலும் ஊராட்சித் தலைவர் இருக்கிறார், அறங்காவலர் இருக்கிறார், ஜமாஅத் தலைவர் இருக்கிறார், கம்பெனி மேலாளர் இருக்கிறார். பதவியால் கைக்கு வந்தது, சேர வேண்டியவரிடம் சேர்ந்ததா என்று வாரம் ஒருமுறை பாருங்கள். அதோடு ஒன்று: யாரிடம் உங்களால் 'முடியாது' என்று சொல்ல முடியவில்லையோ, அவரிடம்தான் உங்கள் பதவி அடமானத்தில் இருக்கிறது. முதலில் அதை மீட்டுக்கொள்ளுங்கள்.