தானே தேடிக்கொண்ட நோயா?

"போதையில புத்தி கெட்டவன், தானே தேடிக்கிட்டது" என்னும் பேச்சு இறம்பொடைப் பக்கத்து லயங்களுக்குப் புதிதன்று. நாமும் அவ்வாறு சொல்லியிருப்போம்.

கஞ்சாவோ 'ஐஸோ' உண்டாக்கும் மனப்பிறழ்வு, போதையை நிறுத்திச் சிகிச்சை பெற்றால், பலருக்குச் சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடுகிறது. பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2020இல் வெளியான கணிப்பின்படி, போதையால் இவ்வாறு பாதிக்கப்பட்டோருள் நூற்றுக்கு ஏறத்தாழ 25 பேருக்கே அது மனச்சிதைவு நோயாக மாறியது. கஞ்சாவால் வந்ததாயின் 34. ஐஸ் சேர்ந்த அம்பெட்டமின் வகையாயின் 22. எனவே தெளிந்த பின்னும் வைத்தியரின் கண்காணிப்பு அவசியம்.

ஆனால், குணமாகித் திரும்புகிறவனுக்கு முன்பே "அங்கொடைக்குப் போனவன்" என்ற பெயர் தோட்டத்துக்கு வந்துவிடுகிறது. குடித்துவிட்டுப் படியில் விழுந்து காலை முறித்துக்கொண்டவனையும் நாம் தூக்கிக்கொண்டுதானே ஓடுகிறோம்? எலும்பு கூடிய பின் அவனை ஆயுள் முழுவதும் நொண்டி என்றா அழைக்கிறோம்?

தவறு அவனுடையதாகவே இருக்கட்டும். மறுபடி தொடாதிருப்பது அவன் கடமை. மறுபடி சேர்த்துக்கொள்வது நம் கடமை. நம் கதவு அடைபட்டால், அவனுக்குத் திறந்திருப்பது பழைய கூட்டாளிகளின் கதவு ஒன்றுதான்.

உங்கள் வீட்டில் இத்துன்பம் நேர்ந்தால் மறைக்காதீர்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்தை அழையுங்கள்.