படத்தில் உள்ளதும் நாம் ஏற்றுவதும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

காண்பது வேறு, கண்டதற்குப் பொருள் கொள்வது வேறு. முன்னது கண்ணின் தொழில். பின்னது புத்தியின் தொழில். சாதாரணப் புகைப்படம் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு, வாழ்க்கையின் ஆழ்ந்த தத்துவம் அதில் அடங்கியிருப்பதாகச் சொல்லுவோர் இன்று பலர். பழனி மலைத்தொடரின்மேல் தவழும் மேகத்தைப் படம் பிடித்து, "ஸ்வாமி, இதில் சங்கு சக்கரம் தெரிகிறது, பாருங்கள்" என்று ஸந்நிதியில் கொண்டுவந்து காட்டும் அன்பர்களும் உளர். அவர்களுடைய பக்தி போற்றத்தக்கதே. ஆயினும், படத்தில் உள்ள பொருளை எடுப்பதற்கும், இல்லாத பொருளை அதன்மேல் ஏற்றுவதற்கும் உள்ள வேறுபாட்டை நாம் அறிய வேண்டாவா? இதனைச் சிறிது விசாரிப்போம்.

இதற்குத் தக்க உதாரணம் கொடைக்கானலிலேயே இருக்கிறது. 1876-ஆம் ஆண்டு தொடங்கிச் சென்னை மாகாணத்தைக் கொடும் பஞ்சம் வாட்டியது. மழை பொய்ப்பதற்கும் சூரியனுக்கும் தொடர்பு உண்டா என்று ஆராய வேண்டும் என்னும் எண்ணம் அதனால் வலுப்பெற்றது. 1899-ல் கொடைக்கானலில் சூரிய ஆராய்ச்சிக்கான வானாய்வுக்கூடம் நிறுவப்பெற்றது. 1904 முதல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக, வானம் இடம் கொடுத்த நாள்தோறும் அங்கே கதிரவனின் படம் எடுக்கப்பட்டு வந்திருக்கிறது.

அவற்றுள் ஒன்றைத் தனியே எடுத்துப் பார்த்தால் விசேஷம் ஏதும் இராது. ஒரு வட்டம், அதில் சில கரும்புள்ளிகள், அவ்வளவே. மறுநாள் படத்தை அருகில் வைத்தால், புள்ளிகள் சற்றே நகர்ந்திருப்பது தெரியும். ஒரு மாதத்துப் படங்களை வரிசையாக வைத்தால், நாம் காணும் வகையில் சூரியன் ஏறத்தாழ 27 நாளுக்கு ஒருமுறை தன்னைத்தானே சுற்றுவது புலனாகும். பல்லாண்டுப் படங்களை நோக்கினால், புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கு ஒருமுறை பெருகியும் அருகியும் வரும் ஒழுங்கு விளங்கும். இப்பொருள் எந்த ஒரு படத்திலும் தனித்து இல்லை. படங்களுக்குள் உள்ள ஸம்பந்தத்தில் இருக்கிறது.

அக்கரும்புள்ளியும் உண்மையில் கருப்பன்று. சூழ்ந்துள்ள பேரொளியைக் காட்டிலும் வெப்பம் குறைந்திருப்பதால் இருண்டு தோன்றுகிறது. தனியே பிரித்து வானில் வைக்க இயலுமாயின் அதுவும் பிரகாசிக்கும். 1909 ஜனவரியில், அங்கே பணிபுரிந்த எவர்ஷெட் என்னும் ஆங்கிலேய அறிஞர், புள்ளியின் ஒளியை நிறமாலையாகப் பிரித்துப் படம் எடுத்தார். அதிலிருந்த கோடுகள் சற்றே இடம் விலகியிருந்தன. புள்ளியின் ஓரப்பகுதியில் வாயுக்கள் வெளிநோக்கிப் பாய்கின்றன என்று அதனால் தெளிந்தார். கோட்டின் விலகல் படத்தில் உள்ளது. பாய்ச்சல் அதிலிருந்து பெறப்பட்ட பொருள். படம் எவ்வாறு உண்டாகிறது என்பதை அறிந்தவராதலின், அவரால் பொருள் காண முடிந்தது.

மற்றொன்றும் கவனிக்கத்தக்கது. மேகம் மூடிய நாளுக்குப் படமில்லை. படமில்லை என்பதால் அன்று சூரியனே இல்லை என்று எழுதுவாரும் இல்லை.

இனி நம் ஸம்ப்ரதாயத்துக்கு வருவோம். சாந்தோக்ய உபநிஷத்து ஸூர்ய மண்டலத்தின் நடுவே விளங்கும் பொன்மயமான புருஷனைப் பேசுகிறது. அவனுடைய திருக்கண்களுக்கு உவமை கூறுமிடத்தில் 'கப்யாஸம்' என்றொரு சொல் வருகிறது. யாதவப்ரகாசர் அதற்குக் குரங்கின் பின்புறம் என்று பொருள் கூறினார். அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த இளையாழ்வாரின் கண்ணீர் அவர் தொடைமேல் வெம்மையாக விழுந்தது என்பது குருபரம்பரை வரலாறு. பின்னாளில் உடையவர் என்று உலகம் போற்றும் அம்மஹான் அருளிய பொருளாவது: நீரைப் பருகுவதால் கதிரவனுக்குக் 'கபி' என்று பெயர்; அவனால் மலர்த்தப்பெற்ற தாமரை போன்றன அத்திருக்கண்கள். அவர் ஓரெழுத்தையும் கூட்டவில்லை. சொல்லின் தாதுவை நோக்கினார். முன்பின் வாக்யங்களை நோக்கினார். பேசப்படுபவன் யார் என்பதையும் நோக்கினார்.

படத்துக்குப் பொருள் கொள்வதற்கும் இம்மூன்றே நெறி. உள்ளதை உள்ளபடி காண வேண்டும். முன்பின் தொடர்பை அறிய வேண்டும். கொள்ளும் பொருள் அந்த வஸ்துவின் ஸ்வரூபத்துக்குத் தகுமா என்று ஆராய வேண்டும்.

இவ்விசாரம் ஏட்டளவில் நிற்பதன்று. கொடைக்கானல் ஏரிக்கரையில் குடும்பத்தோடு எடுத்துக்கொண்ட படம் பல இல்லங்களில் உண்டு. அதில் உள்ள ஒருவர் சில நாளில் பரமபதம் எய்திவிட்டால், எஞ்சியோர் அதே படத்தை இரவும் பகலும் துருவத் தொடங்குகின்றனர். "ஸ்வாமி, அவன் மட்டும் விலகி நிற்கிறானே! அன்றே எனக்குத் தெரிந்திருக்க வேண்டாமா?" என்று அடியேனிடம் கேட்ட தாய்மார் உண்டு. அவர்கள் தேடுவது பொருளை மட்டுமன்று. தம்மேல் ஒரு குற்றத்தையும் தேடுகின்றனர்.

அம்மா, அப்படத்தில் அறிகுறி ஏதும் இல்லை. பிரிவு பின்னர் வந்தது. அதன் துயரமே இப்போது அப்படத்தின்மேல் நிழலாகப் படிகிறது. படம் எடுக்கும்போது யார் எங்கே நின்றார் என்பது அந்தக் கணத்துச் செய்தி, விதியின் எழுத்தன்று. படத்தில் உள்ளது யாது? அன்று வெயில் இருந்தது, மகன் சிரித்தான், தாய் உடன் இருந்தாள். இம்மூன்றும் உண்மை. காலனாலும் இவற்றை இல்லாதனவாக்க இயலாது. இதற்குமேல் ஒரு பொருளை ஏற்றி, உம்மை நீரே தண்டித்துக்கொள்ள வேண்டா.

அப்படியாயின், பக்தன் படத்தில் பகவானைக் காணலாகாதோ எனின், தாராளமாகக் காணலாம். சித்தும் அசித்தும் எம்பெருமானுக்குச் சரீரம் என்பது நம் ஸித்தாந்தம். மேகம் மேகமாக இருக்கும்போதே அவனுடையது. அது இம்மலைச் சோலைகளில் பெய்து, வடக்கே சண்முகநதியாகவும் தெற்கே மஞ்சளாறாகவும் இறங்கி, வயல்களை நனைக்கிறது. இச்செயலில் தெரியாத கருணையா அதன் வடிவத்தில் தெரியப்போகிறது?

இவ்வுத்ஸவத்திலும் அன்பர்கள் பல படங்கள் எடுப்பர். அவற்றில் அதிசயங்களைத் தேட வேண்டா. வீதியில் எழுந்தருளிய பெருமாளும், தோள் கொடுத்த ஸ்ரீபாதம் தாங்கிகளும், அருகில் நின்று ஸேவித்த உற்றாரும் அவற்றில் இருப்பர். ஆண்டுதோறும் அப்படங்களைச் சேர்த்து வைத்து நோக்கினால், நாம் மாறிக்கொண்டே வருவதும், அவன் மாறாது எழுந்தருள்வதும் விளங்கும். உள்ளதை உள்ளபடி காணும் தெளிவை எம்பெருமான் நம் அனைவருக்கும் அருள்வானாக.

சுபம்.