யாருடைய ஏடு

திருத்தணியில் மலையடிவாரத்துத் தெரு ஒன்றில், ஒரு பெரியவர் வீட்டில் திருவருட்பா ஐந்தாம் திருமுறையின் 1880ஆம் வருஷப் பதிப்பு இருக்கிறது. ராமலிங்கர் தணிகை முருகனைப் பாடியவை அடங்கியது. மலை மண்டபத்தில் தங்கியிருந்த ஒரு சந்நியாசி அதைத் தினமும் படித்து, ஓரங்களில் பென்சிலால் ஏதேதோ எழுதிவைத்து, கடைசியில் பெரியவரின் தாத்தா கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். அந்தக் குறிப்புகளைப் பிரதியெடுக்கத்தான் நான் போனேன்.

புத்தகம் பூஜை அலமாரியில் மஞ்சள் துணிக்குள் இருந்தது. 1960 வரை ஆந்திராவோடு இருந்த ஊர். அந்த வீட்டில் பேச்சு தெலுங்கு, பாட்டு மட்டும் தமிழ். பெரியவர் நாலைந்து பாட்டுகளை மனப்பாடமாகச் சொன்னார். துணியை மட்டும் பிரிக்கவில்லை.

"சாமி கைப்பட்டது. படிக்கிறதுக்குன்னா கடையிலேயே கிடைக்குதே தம்பி" என்றார்.

எனக்குப் பதில் இல்லை. நான் தேடி வந்ததும் பாட்டை அல்ல, கைப்பட்டதைத்தான். அவர் அதைப் பூஜை என்கிறார், நான் ஆராய்ச்சி என்கிறேன்.

இந்த வழக்கு வேறொரு உருவில் நியூயார்க்கில் கோர்ட்டுக்கே போயிருக்கிறது. ஹஸீதிகள் 18ஆம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய யூத பக்தி மரபினர். குருவை ரெபே என்பார்கள். அதில் லூபாவிச் மரபின் ஆறாவது ரெபே 1950இல் காலமானார். சமய, மறைஞான நூல்கள் நிறைந்த அவருடைய நூலகத்திலிருந்து சில நூறு புத்தகங்களை 1985இல் அவர் பேரன் எடுத்துப்போய், சிலவற்றை விற்றும்விட்டார். தாத்தா சொத்து, எனக்கும் பங்கு உண்டு என்பது அவர் கட்சி. போலந்தில் தங்கிவிட்ட நூல்களை மீட்க உதவி கேட்டு ரெபே 1946இல் எழுதிய கடிதம் கோர்ட்டுக்கு வந்தது. நூல்கள் சமூகத்தின் உடைமை என்று அதில் எழுதியிருந்தார். காரியம் ஆவதற்காக எழுதியது அது என்றார்கள். அப்படிப்பட்ட மனிதர் ஒன்றை நினைத்து வேறொன்றை எழுதியிருக்க மாட்டார் என்று நீதிபதி 1987 ஜனவரியில் தீர்ப்பளித்தார். ரெபேயின் மகளுடைய சாட்சியம் இன்னும் நேரானது: என் தகப்பனாரே சீடர்களுக்குச் சொந்தமானவர், ஆகவே புத்தகங்களும் அவர்களுடையவை.

இரத்த உறவுக்கு எதிராக, படிப்பவர்கள் பக்கம் தீர்ப்பு. எழுதுகிறவர்களான நமக்கு இது இனிக்கும். எனக்கு இனித்ததில்தான் சந்தேகம் வந்தது.

காலமான கவி நண்பர் ஒருவருடைய நோட்டு என்னிடம் இருக்கிறது. பிரசுரமாகாத கவிதைகள் முப்பதுக்கு மேல். மகன் இரண்டு முறை கேட்டு எழுதினான். கவிதை வாசிக்கிற பையன் இல்லை அவன். பழைய பேப்பர்காரனுக்குப் போய்விடும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "பத்திரமாக இருக்கிறது" என்று பதில் போட்டேன். எழுத்து வாசகனுக்குத்தானே சொந்தம்? ஆனால் அந்த நோட்டை நான் திறந்து ஆறு வருஷம் ஆகிறது. ஒரு கவிதையைக்கூட எந்தப் பத்திரிகைக்கும் அனுப்பவில்லை. நான் மகனும் இல்லை, வாசகனும் இல்லை.

1873 அக்டோபரில் மேட்டுக்குப்பத்தில் பேசிய ராமலிங்கர், வேதம் ஆகமம் புராணம் எதிலும் லட்சியம் வைக்க வேண்டாம் என்றார். அவர் பாட்டையே நாம் துணியில் சுற்றினோம். ஆனால் பெரியவரைக் குறைசொல்ல எனக்கு வாய் இல்லை. துணிக்குள் இருப்பது அவர் நாக்கிலாவது இருக்கிறது. காப்பவன் வேறு, உடையவன் வேறு. அடுத்தவன் கைக்குப் போக வழி விடாதபோது காப்பவன் உடையவனாகி விடுகிறான், எந்தத் தீர்ப்பும் இல்லாமலே.

விடைபெறும்போது பெரியவர் விபூதி கொடுத்தார். "அடுத்த கிருத்திகைக்கு வாங்க, பார்க்கலாம்" என்றார். பிரிப்பாரா, தெரியாது.

ஊர் திரும்பியதும் டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். நோட்டைப் பிரதியெடுக்க ஆரம்பித்திருக்கிறேன். முடிந்ததும் மூலம் மகனுக்கு. அவன் பேப்பர்காரனிடம் போட்டாலும் சரியா என்று கேட்டால், சரி என்று சொல்ல இன்னும் மனம் வரவில்லை.