ஐம்பத்தேழு சதவீத ஓய்வு

நீண்ட விடுமுறை வந்தால் தாப்பாவிலிருந்து ரிங்லெட் ஏறும் சாலையில் கார்கள் அசையாமல் நிற்கும். 'கொஞ்சம் ரிலாக்ஸா இருந்துட்டு வரலாம்' என்று கோலாலம்பூரிலிருந்து கிளம்பியவர்கள். மெதுவாக இருப்பது அந்த வளைவிலேயே கிடைத்துவிடுகிறது, ஆனால் ஹாரன் அடிக்கிறார்கள்.

1885இல் வில்லியம் கேமரன் அளக்க வந்த மலை இது. 1920களில் பிரிட்டிஷார் இதை ஓய்வுத்தலமாக மாற்றத் தொடங்கினார்கள். 1929இல் ஜே. ஏ. ரஸ்ஸல் போ தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். ஓய்வெடுக்க வந்தவர்களும் கூலிக்கு வந்தவர்களும் ஏறியது ஒரே மலைதான். என் பாட்டி இரண்டாவது வகை. லெம்பா பெர்த்தாமில் கொழுந்து பறித்தவர்.

நான் ஈப்போவில் ஒரு தொழிற்சாலையில் உற்பத்திப் பொறியாளன். யார் எந்த வேலைக்கு எத்தனை விநாடி எடுக்கிறார்கள் என்று அளப்பது என் பிழைப்பு. டொயோட்டாவின் தைச்சி ஓனோ வகுத்த ஏழு வீண்களில் 'காத்திருத்தல்' ஒன்று. அதைக் கண்டுபிடித்து அழிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். அதே தொழிற்சாலையில் மன அழுத்தம் குறைக்க ஒரு பயிற்சியும் நடந்தது. மூச்சை ஆழமாக இழுங்கள், ஒரு நேரத்தில் ஒரு வேலை, சாப்பிடும்போது கைப்பேசி வேண்டாம், தேநீரை மெதுவாகக் குடியுங்கள். எல்லாமே நல்ல யோசனைகள், நானும் செய்து பார்க்கிறேன், பலன் இருக்கிறது. கடைசிப் படத்தில்தான் நெருடியது: 'இதனால் உங்கள் செயல்திறன் கூடும்.'

இது புதுசு இல்லை. அவசரத்தின் தந்தை என்று நாம் திட்டும் ஃபிரெடரிக் டெய்லரே ஓய்வைப் பற்றி எழுதியிருக்கிறார். பெத்லஹேம் எஃகு ஆலையில் 92 பவுண்டு இரும்புக் கட்டிகளைத் தூக்குகிறவன் வேலைநாளில் 43 சதவீத நேரம்தான் சுமையோடு இருக்கலாம், மீதி 57 சதவீதம் கை காலியாக இருக்க வேண்டும் என்று 1911இல் வந்த தன் புத்தகத்தில் கணக்குச் சொன்னார். (அந்தக் கதையில் எவ்வளவு உண்மை என்று பின்னால் வந்த ஆய்வாளர்கள் சந்தேகப்பட்டார்கள். அது வேறு பஞ்சாயத்து.) அந்த ஆள் உட்காரச் சொன்னால் உட்கார்ந்தான், எழச் சொன்னால் எழுந்தான். பாதி நாளுக்கு மேல் ஓய்வுதான், ஆனால் அதில் ஒரு நிமிடமாவது அவனுடையதா? இன்னும் அதிக இரும்பு ஏற்றுவதற்காக அவனுக்கு உட்கார அனுமதி. யந்திரத்துக்கு எண்ணெய் போடுவதை ஓய்வு என்று யாரும் சொல்வதில்லையே.

தேயிலைக்கு இந்த விஷயத்தில் கொடுப்பினை அதிகம். பறித்த இலையை உடனே உருட்ட முடியாது, ஈரம் வற்ற வழக்கமாகப் பன்னிரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ வாட்டப் போடுவார்கள். அவசரப்படுத்தினால் சுவை கெட்டுவிடும் என்று முதலாளிக்கே தெரியும். பறித்தவளுக்குக் கூலி கிலோ கணக்கில். அவள் நின்றால் கூலி நின்றது.

பாட்டி சொன்ன ஒன்று. நிறுவை முடிந்ததும் கூடையைக் கவிழ்த்துப் போட்டு வெற்றிலை மடிப்பாராம். கங்காணி வந்து, "என்னாக்கா, உடம்பு முடியலையா?" என்பாராம். முடியவில்லை என்று சொன்னால் ஒப்புக்கொள்வார், அது காரணம். "நல்லாத்தான் இருக்கேன். சும்மா உக்காந்திருக்கேன்." அதற்குத்தான் அவருக்குக் கோபம் வருமாம்.

அந்தச் 'சும்மா'வை எந்தப் பயிற்சியிலும் சொல்லித் தருவதில்லை. அதோடு, எனக்கு அது இருக்கிறதா என்பது சின்னக் கேள்விதான். என் கடிகாரத்துக்குக் கீழே நிற்பவர்களுக்கு இருக்கிறதா? அவர்களை விரட்டிவிட்டு நான் மூச்சுப் பயிற்சி செய்தால் அதை நிதானம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஐந்து மணி நேரத் தொடர் வேலைக்குப் பிறகு 30 நிமிட இடைவேளை என்கிறது மலேசிய வேலைச் சட்டம். அது கீழ்வரம்பு, அவ்வளவுதான்.

நேரம் குறிக்கும் எங்கள் வேலையில் களைப்புக்கென்று ஒரு சலுகை சேர்க்க வேண்டும். பாடப்புத்தக அட்டவணையில், ஆண்களுக்கான பத்தியில், சொந்தத் தேவைக்கு 5 சதவீதம், அடிப்படைக் களைப்புக்கு 4, நின்றபடி செய்யும் வேலை என்றால் இன்னும் 2. எங்கள் வரிசையில் எல்லோரும் நிற்கிறார்கள், கணக்கில் 9தான் இருந்தது. போன மாதம் 11 என்று மாற்றி அனுப்பினேன். எவ்வளவு நேரம் போகும் என்று மேலாளர் கேட்டார். எட்டு மணி நேரத்தில் ஒன்பதரை நிமிடம் என்றேன். அந்த நேரத்தில் என்ன செய்வார்கள் என்று அடுத்துக் கேட்டார்.

"தெரியாது சார். அதை நான் அளக்கப் போறதில்ல."