தொழில் நிலைக்குமா?

மனிதன் வாழ்வதற்குத் தொழில் வேண்டும் என்பதை மறுப்பார் எவருமிலர். ஆனால் தொழில் வாழ்வதற்காக மனிதன் இருக்கிறானா என்ற கேள்வியை நம்மவர் பலர் எண்ணிப் பார்ப்பதேயில்லை. அண்மையில் சாங்கியிலே நிகழ்ந்த ஓர் உரையாடல் இக்கேள்வியை என் முன் கொண்டுவந்து நிறுத்தியது. அதனை அன்பர்களுக்கு எடுத்துரைப்பது பயன் தரும் என்று கருதுகின்றேன்.

எக்ஸ்போ ரயில் நிலையத்தை அடுத்திருப்பது சாங்கி வர்த்தகப் பூங்கா. பெயர்தான் பூங்காவே தவிர, அங்கே மலர்களைக் காட்டிலும் கணினிகளே மிகுதி. பெரிய வங்கிகள் சிலவற்றின் கணினிப் பிரிவுகள் அங்கே உள்ளன. உணவு வேளையிற் சென்றால் தமிழோசை காதில் விழாமற் போகாது. அப்பகுதியிலே வேலை பார்ப்பவர் என் நண்பரின் மகன்; தமிழ்நாட்டுச் சிற்றூர் ஒன்றிலே பிறந்தவர். ‘வெப் டெவலப்பர்’ என்று சொல்லப்படும் இணையத்தளம் ஆக்கும் தொழிலைச் செய்கிறவர். ஒரு மாலை சாங்கி வில்லேஜ் உணவங்காடியிலே இருவரும் தேநீர் அருந்திக்கொண்டிருந்தோம். அவர் முகம் வாடியிருந்தது.

“மாமா, நான் மூன்று நாளில் எழுதிய பக்கத்தைச் செயற்கை நுண்ணறிவுக் கருவி இப்போது மூன்று நிமிடத்தில் எழுதிவிடுகிறது. என்னிடம் வேலை பழக வந்த பிள்ளைகள் இருவரை ஆபீசில் நிறுத்திவிட்டார்கள். அடுத்தது நானோ என்னவோ! இந்தத் தொழில் நிலைக்குமா? இது நியாயந்தானா?” என்று கேட்டார்.

அவர் கேட்டவை இரண்டு கேள்விகள். முதலாவது தொழிலின் வருங்காலத்தைப் பற்றியது. இரண்டாவது நியாயத்தைப் பற்றியது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பாமல், தனித்தனியே ஆராய்தல் நலம்.

முதலில் இத்தொழில் யாதென்று பார்ப்போம். தோட்டத்தில் இருக்கும் அன்பர் ஒருவர் கைப்பேசியைத் திறந்து ஊரிலுள்ள தாய்க்குப் பணம் அனுப்புகிறார். அவர் கண்ணுக்குத் தெரிவது சில எழுத்துகளும் பொத்தான்களும் மட்டுமே. அப்பொத்தான் எங்கே இருக்கவேண்டும், அதைத் தொட்டால் எக்கணக்கிலிருந்து எவ்வளவு பணம் கழியவேண்டும், இடையிலே திருடன் புகாதிருக்க எந்தப் பூட்டு வேண்டும் என்பனவெல்லாம் யாரோ ஒருவர் எழுதி வைத்தவை. அவ்வாறு எழுதுவதே இத்தொழில். வீட்டின் முகப்பைக் கட்டுவோர் ஒரு சாரார். உள்ளே நீர்க்குழாயும் மின்கம்பியும் அமைப்போர் மற்றொரு சாரார். இரண்டையும் செய்வோரும் உளர்.

இத்தொழிலின் வயது மிகக் குறைவு. உலகளாவிய வலை என்னும் கருத்தை டிம் பெர்னர்ஸ்-லீ என்பவர் சுவிட்சர்லாந்திலுள்ள செர்ன் ஆராய்ச்சிக் கூடத்திலே 1989 ஆம் ஆண்டு முன்வைத்தார். 1993 இல் அந்நிறுவனம் அதனை எவரும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளித்தது. ஆகவே இத்தொழில் தோன்றிச் சில பத்தாண்டுகளே ஆகின்றன. எனினும் இக்குறுகிய காலத்துக்குள்ளேயே அது பன்முறை செத்துப் பிழைத்திருக்கிறது. ‘ஃபிளாஷ்’ என்றொரு கருவி இருந்தது. அதிலே ஆடும் படங்களும் விளையாட்டுகளும் ஆக்குவதையே பிழைப்பாகக் கொண்டோர் ஏராளம். 2020 டிசம்பர் 31 உடன் அக்கருவிக்கான ஆதரவு முடிந்தது. 2003 இல் ‘வேர்ட்பிரஸ்’ வந்தது. நிரலெழுதத் தெரியாதவரும் தமக்கொரு தளம் அமைத்துக்கொள்ள அது வழி செய்தது. அப்போதும் ‘இனி நமக்கு வேலையில்லை’ என்ற கூக்குரல் எழுந்தது. ஆனால் தளம் வேண்டுவோர் தொகை பெருகவே, வேலையும் பெருகிற்று.

அப்படியாயின் இம்முறையும் அவ்வாறே முடியும் என்று தைரியம் சொல்லிவிடலாமா? அது நேர்மையாகாது. முன்வந்த கருவிகள் தொழிலாளியின் கையை விரைவாக்கின. 2022 நவம்பரில் ‘சாட்ஜிபிடி’ வெளிவந்தது முதல் பரவியிருக்கும் கருவிகளோ அவன் எழுதும் எழுத்தையே எழுதுகின்றன. எனவே, சொன்னதைச் சொன்னபடி அடுக்கும் கீழ்ப்படி வேலை சுருங்குமென்றே எண்ண இடமுண்டு. அக்கீழ்ப்படியிலே நின்றுதானே புதிய பிள்ளைகள் தொழில் பழகுகின்றனர்? ஏணியின் முதற்படியை எடுத்துவிட்டால் நாளை மேற்படியில் நிற்பதற்கு ஆள் எங்கிருந்து வருவர் என்பதை முதலாளிகள் எண்ணிப் பார்க்கவேண்டும். மற்றொரு புறம், உண்மையில் வேண்டுவது யாது என்று கேட்டறிதல், இயந்திரம் எழுதியது சரியா என்று சோதித்தல், பிறர் பணத்துக்கும் மறைபொருளுக்கும் காவல் அமைத்தல், கண் தெரியாதவரும் முதியவரும் பயன்படுத்தத் தக்கவாறு ஆக்குதல், பிழை நேர்ந்தால் ‘இது என் பொறுப்பு’ என்று முன்னிற்றல் ஆகியவற்றை இயந்திரத்திடம் ஒப்படைத்துவிட முடியாது. தொழில் அடியோடு மாய்ந்துவிடாது. ஆயினும் இன்றுள்ள உருவிலேயே நிற்கவும் செய்யாது. இதுவே என் துணிபு.

நிற்க. நியாயத்தைப் பற்றிய கேள்விக்கு வருவோம். இங்கேதான் என் நண்பரின் மகனிடம் ஒரு கசப்பான சொல்லைச் சொல்ல நேர்ந்தது.

“தம்பி, இங்கிருந்து சிறிது தொலைவில் விமான நிலையம் இருக்கிறது. அதன் நான்காம் முனையம் 2017 அக்டோபர் 31 இல் திறக்கப்பட்டது. அங்கே பயணி தானே பதிவு செய்துகொள்கிறான். தானே பெட்டியை ஒப்படைக்கிறான். அவன் முகத்தை இயந்திரம் பார்த்து அடையாளம் காண்கிறது. முன்பு இவ்வேலைகளைச் செய்வதற்கு முகப்பிலே மனிதர் இருந்தனர் அன்றோ? ஊருக்குச் செல்ல விமானச் சீட்டு வேண்டுமானால் தேக்காவிலே முகவரின் கடைக்குச் சென்ற காலம் உனக்குத் தெரியாது. சீட்டை இணையத்திலேயே வாங்கும் வழக்கம் வந்தபின் அத்தகைய கடைகளின் வரும்படி என்னவாயிற்று? அச்சகத்தில் ஈய எழுத்துகளை ஒவ்வொன்றாய்க் கோத்தவர் எங்கே போயினர்? அவர்கள் வேலையைக் குறைத்த கருவிகளைச் செய்தவர் உன் தொழிலினர் அல்லரா? அப்போது, இது நியாயந்தானா என்று நாம் கேட்டோமா? முன்னேற்றம் என்று பெயரிட்டு மகிழ்ந்தோம். இன்று அதே முன்னேற்றம் நம் வாசற்கதவைத் தட்டும்போது மட்டும் அநியாயம் என்கிறோம்.”

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பின்பு, “அப்படியானால் எனக்கு நேர்வது சரி என்கிறீர்களா, மாமா?” என்றார்.

சரியென்று நான் சொல்லவில்லை. தனக்கு வந்த துன்பத்தினால் கண் திறந்தவன், அதே துன்பத்தை முன்பே அடைந்தவனையும் பார்க்க வேண்டும் என்பதே நான் சொன்னது. தனக்கென்று கேட்கும் நீதி பிறர்க்கும் உரியதாக இருந்தால்தான் அது நீதி; அன்றேல் அது வெறும் அச்சம்.

இயந்திரத்தை உடைத்தெறிந்தால் தீர்ந்துவிடும் என்று எண்ணுவோரும் உளர். அது பேதைமை. ஒருவன் நாள் முழுதும் செய்த வேலையை ஓர் இயந்திரம் நொடியிற் செய்யுமானால், அதனால் மனித குலத்துக்கு ஓய்வும் நலமும் கிடைக்கவேண்டும். கிடைக்கவில்லையென்றால் குற்றம் இயந்திரத்தினுடையது அன்று. மனிதனைத் தொழிலோடு பிணைத்துக் கட்டி வைத்திருக்கும் நம் ஏற்பாடுகளினுடையது.

இப்பிணைப்பு நமக்குப் புதிதன்று. குலத்தொழில் என்ற பெயரால், பிறந்தபோதே ஒருவனுடைய தொழிலையும் அத்தொழிலைக் கொண்டு அவனுடைய மதிப்பையும் முடிவு செய்த சமூகம் நம்முடையது. கடல் கடந்து வந்த பின்னரும் வேறொரு பிணைப்பு காத்திருந்தது. 1877 இல் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர்க் கன்றுகளும், 1888 இல் இங்குள்ள தாவரத் தோட்டத்துக்குத் தலைவராக வந்த ரிட்லி கண்ட பால்வெட்டு முறையும் மலாயாவிலே பெருந்தோட்டங்கள் தோன்றக் காரணமாயின. அத்தோட்டங்களிலே நம் முன்னோர் பால் வெட்டினர். அவர் குடியிருந்த லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். பிள்ளை படித்த பள்ளி தோட்டத்தைச் சார்ந்தது. கும்பிட்ட கோயிலும் அங்கேதான். பின்னாளிலே தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. வேறு பல நிலங்கள் வீடமைப்புக்குச் சென்றன. பால்வெட்டுத் தொழிலாளி இழந்தது கூலியை மட்டுமன்று. வீடு, பள்ளி, கோயில், அண்டை அயல் ஆகிய அனைத்தையும் ஒரே நாளில் இழந்தான். ஒரு தொழில் போனதனால் ஒரு வாழ்வே போயிற்று. மரம் மாறியதா அக்கொடுமை? வாழ்வு முழுவதையும் ஒரே மரத்தில் கட்டி வைத்திருந்ததன்றோ கொடுமை!

என் நண்பரின் மகன் குளிர்ந்த அறையிலே அமர்ந்து வேலை செய்கிறார், சம்பளமும் உயர்வு. ஆனால் கட்டு அவிழ்ந்ததா? எம்ப்ளாய்மென்ட் பாஸ் என்னும் அனுமதியின் பேரில் இங்கிருப்பவர் அவர். அதற்குரிய குறைந்தபட்ச மாதச் சம்பளம் 2025 ஜனவரியில் புதிய விண்ணப்பங்களுக்கு 5,600 வெள்ளியாயிற்று. நிதித்துறையிலானால் 6,200 வெள்ளி. வயது ஏற ஏற அவ்வளவும் உயரும். வேலை போய் அனுமதி ரத்தானால் வழக்கமாக முப்பது நாளே இங்குத் தங்கலாம். அதற்குள் வேறு வேலை அமையாவிட்டால் வாடகை வீடும் பிள்ளையின் பள்ளியும் கைவிட்டுப் போகும். லயத்து வீட்டின் நிழல் சாங்கி வரை நீண்டிருக்கிறது. குடிமக்களின் நிலை இதனினும் மேல். 2016 இல் 25 வயது நிறைந்தோர்க்குப் புதுத்தொழில் பழக 500 வெள்ளியும், 2024 இல் 40 வயதும் அதற்கு மேலும் ஆனோர்க்கு மேலும் 4,000 வெள்ளியும் ‘ஸ்கில்ஸ்ஃபியூச்சர்’ திட்டத்தின் வழி அரசு அளித்தது. 2025 ஏப்ரல் முதல், தம் குற்றமின்றி வேலையிழந்தவரில் தகுதியுடையோர்க்கு ஆறு மாதத்தில் 6,000 வெள்ளி வரை உதவி உண்டு. இவை தக்க வழியிலே எடுத்து வைத்த அடிகள். தொழில் மாறும்போது மனிதன் விழாமற் காப்பது சமூகத்தின் கடமை என்ற உண்மையை இவை ஒப்புக்கொள்கின்றன. அக்கடமை எல்லாத் தொழிலாளருக்கும் எட்டவேண்டும்.

சமூகத்தின் கடமை இவ்வாறாக, தனி மனிதன் செய்யத்தக்கது என்ன? இதற்கு இச்சிங்கப்பூரிலேயே ஓர் எடுத்துக்காட்டு உண்டு. நா. கோவிந்தசாமி என்பார் சிறுகதை எழுத்தாளர். ஆசிரியர்களைப் பயிற்றும் கல்விக் கழகத்தில் விரிவுரையாளர். பொறியியல் அவர் தொழிலன்று. ஆனால் கணினித் திரையிலே தமிழ் வரவேண்டும் என்னும் தேவையை உணர்ந்து, வேண்டியவற்றைக் கற்றார்; ‘கணியன்’ என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். சிங்கப்பூரின் நான்கு மொழிக் கவிதைகளையும் தாங்கிய இணையத்தளம் 1995 அக்டோபரில் அதிபர் ஓங் டெங் சியோங்கால் தொடங்கி வைக்கப்பட்டபோது, அதிலே தமிழும் இடம்பெற்றது அவர் உழைப்பினால். 1997 இல் இங்கு நடந்த முதல் தமிழ் இணைய மாநாட்டுக்கும் அவர் முன்னின்றார். 1999 இல் மறைந்தார்.

அவர் ஆக்கிய எழுத்துருவும் குறியீட்டு முறையும் இன்று வழக்கில் இல்லை. யூனிகோடு அவற்றின் இடத்தைப் பற்றிக்கொண்டது. அதனால் அவர் உழைப்பு வீணாயிற்றென்று சொல்லலாமா? இன்று கைப்பேசியிலே தமிழில் மடல் எழுதும் ஒவ்வொருவரும் அவ்வுழைப்பின் பயனைத் துய்ப்பவரே. கருவி மாய்ந்தது, கருவி தீர்க்க வந்த தேவையும், அத்தேவையை உணர்ந்த மனமும் மாயவில்லை. கருவியைத் தொழிலென்று எண்ணினவனுக்குக் கருவியோடு தொழிலும் போகும். தேவையைத் தொழிலென்று எண்ணினவனோ இன்னொரு கருவியை எடுத்துக்கொள்வான்.

இதையே அவ்விளைஞரிடம் சொன்னேன். “தம்பி, நீ கற்றது வீணன்று. இத்தொழில் உன் குலத்தைக் கேளாமல் உன்னைச் சேர்த்துக்கொண்டது; கற்கும் ஆற்றல் உனக்கு உண்டென்று உனக்கே காட்டியது. அவ்வாற்றலை எந்த இயந்திரமும் பறிக்காது. ஆனால் ‘வெப் டெவலப்பர்’ என்னும் பெயரையே உன் மதிப்பென்று கொள்ளாதே. வேலை நிறுத்தப்பட்ட அவ்விரு பிள்ளைகளையும் மறவாதே. உனக்குத் தெரிந்ததை வாரத்தில் ஒரு மாலை அவர்களுக்குக் கற்றுக் கொடு.”

அவர் அவ்விருவருக்கும் அப்போதே செய்தி அனுப்பினார். தமிழிலேதான் எழுதினார்.

‘செய்யும் தொழிலே தெய்வம்’ என்பர் நம்மவர். நன்கு செய்யவேண்டும் என்னும் கருத்திலே அது நல்ல வாக்குதான். ஆயினும் தொழிலைத் தெய்வமாக்கி மனிதனை அதற்குப் பலியாக்குவதை ஒப்பமுடியாது. பால்வெட்டுக் கத்தியும் ஈய எழுத்தும் நிரல் எழுத்தும் கருவிகளே. அவை வரும், போகும். ஒரு கருவி போகும் நாளிலே அதைப் பிடித்திருந்த மனிதனைக் கைவிடாத சமூகமே நாகரிகமுடைய சமூகம். தோட்டத்து அன்பர்களும் நகரத்து அன்பர்களும் தத்தம் பிள்ளைகளிடம் ‘எத்தொழில் நிலைக்கும்?’ என்று கேட்பதோடு நில்லாமல், ‘தொழில் போனவனுக்கு நாம் என்ன செய்தோம்?’ என்றும் கேட்பாராக.