வேகம் யாருடையது?

பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன், கனடாவை மூடியிருந்த லாரன்டைட் பனிவிரிப்பின் ஒரு நாக்கு தெற்கே நீண்டு, இன்று அயோவா மாநிலத்தின் தலைநகர் டிமாயின் இருக்கும் இடம்வரை வந்தது. இதை முதலில் வாசித்தபோது, மலைபோன்ற பனி தன் எடையால் எல்லாவற்றையும் நசுக்கிக்கொண்டு இறங்கி வருவதாகக் கற்பனை செய்துகொண்டேன். தப்பு. அது விட்டுச்சென்ற மண்மேடுகளின் உயரத்தை வைத்துக் கணக்குப் போட்டவர்கள், அந்த நாக்கு மெல்லியது, மேற்பரப்பின் சரிவும் மிகக் குறைவு என்கிறார்கள். அந்தச் சரிவை மட்டும் பார்த்தால் அது அவ்வளவு தூரம் போயிருக்கவே கூடாது.

காரணம் அடியில் இருந்தது. வடக்கே கனடியக் கேடயத்தில் கெட்டியான, சொரசொரப்பான பாறை. தெற்கே வர வர மென்மையான படிவுப் பாறை, அதன்மேல் களிமண்ணும் மணலும் கல்லும் கலந்த ‘டில்’ என்ற மண். உருகிய நீர் வடிய வழியில்லாமல் அந்த மண்ணில் தேங்கினால், பனியின் எடையில் பெரும்பங்கை நீரே தாங்கிக்கொள்ளும். மண்துகள்கள் ஒன்றையொன்று பிடித்திருக்கும் பிடி தளரும். மழைக்காலத்தில் வயல் வரப்பில் வழுக்கி விழுந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஜெஃப்ரி போல்டன் 1970களில் ஐஸ்லாந்தில் ஒரு பனியாற்றின் விளிம்புக்கு அடியிலேயே அளந்து பார்த்தார். அங்கே நகர்வின் பெரும்பகுதி பனிக்குள் நடக்கவில்லை, அடிமண்ணில் நடந்தது. பனி நகர்ந்தது என்பதைவிட, மண் பனியைச் சுமந்துகொண்டு நகர்ந்தது என்றுகூடச் சொல்லலாம்.

சில வருடங்களுக்கு முன் என் டீமில் இரண்டு பேருக்கு அப்ரைசல் எழுதினேன். ஒருவரிடம் புதிதாகத் தொடங்கிய சர்வீஸ். இன்னொருவரிடம் பதினைந்து வருடப் பழைய பில்லிங் மாட்யூல். எழுதியவர்கள் யாரும் கம்பெனியில் இல்லை, டாக்குமெண்ட் என்று ஒரு பக்கம்கூட இல்லை. முதலாமவருக்குப் பாராட்டு. இரண்டாமவருக்கு, “வேகம் போதாது.”

“அண்ணா, அந்தக் கோடை ஒரு தடவையாவது தெறந்து பாத்திருக்கீங்களா?” என்று கேட்டார். பார்த்ததில்லை. நான்கு மாதத்தில் வேலையை விட்டுப் போய்விட்டார்.

எல்லாம் தரையின் புண்ணியம் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் முடியவில்லை. அப்படியானால் யாரையும் பாராட்டவோ குறை சொல்லவோ இடமே இருக்காது. பனியும் சும்மா இருப்பதில்லை. அந்த மண்ணில் ஒரு பகுதி முந்தைய பனிக்காலங்கள் பாறையை அரைத்துப் போட்டதுதான். இன்று வழுக்கிச் செல்லும் பனிக்கு, நேற்று உரசி உரசி நின்ற பனி போட்டுக்கொடுத்த பாதை. இந்தக் கணக்கை எந்த அப்ரைசல் படிவத்தில் எழுதுவது?

ஹட்சன் ஜலசந்தி பற்றி டக்ளஸ் மக்அயீல் 1993-இல் முன்வைத்த கருதுகோள் என்னை இன்னும் தொந்தரவு செய்கிறது. தரையோடு உறைந்து ஒட்டிய பனி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தடித்துக்கொண்டே போகிறது. மேலே உள்ள குளிர் அடிவரை எட்டாதபடி அந்தத் தடிமனே போர்வையாகிறது. பூமியின் உள்வெப்பம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து அடி இளகுகிறது. பிறகு, மென்மையான படிவின்மேல் வழுக்கி, பனிமலைகளாக உடைந்து அட்லாண்டிக்கில் கொட்டுகிறது. அந்தப் பனிமலைகள் சுமந்து வந்து கடலடியில் உதிர்த்த கற்துகள் அடுக்குகளைத்தான் ஹார்ட்மூட் ஹைன்ரிக் 1988-இல் விவரித்திருந்தார். தூண்டியது கடலின் வெப்பம்தான் என்று வாதிடுபவர்களும் உண்டு, விவாதம் முடியவில்லை. ஆனால் மக்அயீல் சொல்வது சரியென்றால், அந்த ஆயிரமாயிரம் ஆண்டுகளில் மேலே நின்று பார்ப்பவன் என்ன எழுதியிருப்பான்? “முன்னேற்றம் இல்லை.”

அவர் போன பிறகு அந்த மாட்யூல் என்னிடம் வந்தது. முதல் இரண்டு வாரத்தில் நான் மாற்றியது நான்கு வரி. அதில் ஒன்றைத் திருப்பிப் பழையபடி வைக்க வேண்டியதாயிற்று.