முதலில் தூங்க விடுங்கள்

பதினாறு வயதுப் பிள்ளை ஒருத்தி சில வாரங்களாகச் சரியாகச் சாப்பிடவில்லை, தலைவலி என்கிறாள், ஆடை ஆலையின் செக்கிங் மேசையில் துணி குவிந்து கிடக்க வெறித்துப் பார்த்தபடி நிற்கிறாள் என்றால் அவளைச் சோம்பேறி என்று திட்டாதீர்கள். வேப்பிலை அடிக்கவும் கூட்டிப் போகாதீர்கள். மேஸ்திரிகளே, மில் விடுதி வார்டன்களே, சனிக்கிழமைச் சம்பளத்துக்குக் காத்திருக்கும் பெற்றோர்களே, உங்களிடம்தான் மன்றாடுகிறேன்.

வளரும் வயதில் மனச்சோர்வு எப்போதும் அழுகையாக வருவதில்லை. வயிற்றுவலியாக, எரிச்சலாக, தூக்கமின்மையாக உடம்பில் வரும். உடம்பின் வழியாகவே அதை ஓரளவு தணிக்கவும் முடியும். மெல்ல மூச்சை இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விட்டால் படபடப்பு அடங்கும். 17 வயது வரை தினமும் சராசரியாக 60 நிமிடம் ஓடியாட வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நின்ற இடத்திலேயே நாளெல்லாம் பிசிறு வெட்டுவது அதில் சேராது. வெயிலில் நடக்கட்டும், கபடி ஆடட்டும், கொங்கு ஊர்களில் ஆடுகிற வள்ளி கும்மியை அவர்களும் கூடி ஆடட்டும்.

ஆனால் ஒன்றரை ஷிப்ட் முடித்து இரவு எட்டரைக்கு வெளியே வரும் பிள்ளையை விடிகாலை நாலு மணிக்கு எழுப்பி யோகா செய்யச் சொல்வது கொடுமை. அந்த வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும். ஏற்றுமதி ஆர்டர் அவசரமென்றால் பெரியவர்களை வைத்து முடியுங்கள். சுமங்கலித் திட்டம் என்று பெயர் சூட்டி, மூன்று வருடம் முடிந்தால்தான் மொத்தப் பணம் என்று பெண்பிள்ளைகளை விடுதிக்குள் அடைத்து வைத்த மில்கள் கொங்கு வட்டாரத்தில் இருந்தன. அந்த வழக்கம் எங்கே மிச்சமிருந்தாலும் இன்றே விடுங்கள். அம்மாவிடம் தனியாகப் பேச முடியாத பிள்ளைக்கு எந்த மூச்சுப் பயிற்சியும் போதாது.

ரத்தசோகையும் தைராய்டு குறைவும் இதே சோர்வைத் தரும்; பரிசோதித்துப் பாருங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். அந்த நாளின் கூலியைப் பிடிக்காதீர்கள். டாக்டர் மாத்திரை கொடுத்தால், யோகாதான் இருக்கிறதே என்று அதை நிறுத்திவிடாதீர்கள்.

"செத்துப்போயிடலாம் போல இருக்கு" என்று ஒரு பிள்ளை சொன்னால் அதை நடிப்பென்று தள்ளாதீர்கள். தனியே விடாதீர்கள். உடனே 14416க்கு அழையுங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் உதவி எண் அது. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம், ஒடிசாவிலிருந்து வந்த பையனுக்கு ஒடியாவிலும் உண்டு. சாப்பாட்டுக்கூடச் சுவரில் அந்த எண்ணைப் பெரிதாக எழுதுங்கள். விடுதியில் பிள்ளைகளின் போன்களைப் பூட்டி வைத்திருந்தால், இன்று ஷிப்ட் முடிவதற்குள் அவரவர் கையில் திருப்பிக் கொடுங்கள்.